வாசல் வரை கூடப் போங்கள்



2013 டிசம்பர் 8ஆம் தேதிக் கலவரத்தை ஜாலான் புசார் வட்டாரம் மறக்கவில்லை. 2015 ஏப்ரல் முதல், பொது இடத்தில் இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை குடிக்கத் தடை. சட்டம் தெருவில் இருந்த போத்தலை எடுத்துவிட்டது. வீட்டுக்குள் இருக்கும் போத்தலை யார் எடுப்பது?

“மனசு வைத்தால் விட்டுவிடலாம்” என்கிறோம். பொங்கலுக்கு ஒரு சத்தியம், தீபாவளிக்கு ஒரு சத்தியம் செய்தவர், மனசு வைக்காதவரா? தனியாகப் போராடித்தான் தோற்கிறார்.

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகள் சந்தித்தார்கள். ஒருவருக்கொருவர் துணை நின்று மீண்டார்கள். அதுவே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. சிங்கப்பூரிலும் கூடுகிறார்கள். கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும்.

ஒன்று கவனியுங்கள். தினமும் அளவுக்கு மீறிக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனநலக் கழகத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

குடிப்பவரின் குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கிய ‘அல்-அனான்’ குழுவும் இருக்கிறது.

அக்காமாரே, அண்ணன்மாரே! “நாலு பேர் என்ன சொல்வார்கள்” என்று மறைக்காதீர்கள். குடித்து விழுந்ததை நாலு பேர் பார்த்தாயிற்று. எழுந்து நடப்பதையும் பார்க்கட்டுமே. முதல் நாள், அந்த வாசல் வரை நீங்களும் கூடப் போங்கள்.