ஒரு மெட்டு, பல பாட்டு
(வெள்ளி விழாவையொட்டி வெள்ளிமலையில் ஆற்றிய உரை)

 

நேற்று மாலை நம் இளைஞர் சிலர், திரைப்படப் பாட்டொன்றின் மெட்டில் கல்வியின் சிறப்பைப் பாடிப் பழகிக்கொண்டிருந்தனர். அருகிருந்த பெரியவர் ஒருவர், "இரவல் மெட்டுத்தானா உங்களுக்குக் கிடைத்தது?" என்று கடிந்துகொண்டார். இளைஞர்கள் தலைகுனிந்தனர். அதற்குத் தேவையில்லை என்று சொல்லவே எழுந்துள்ளேன்.

கரிபியக் கடலில் ஜமைக்கா என்றொரு தீவு உண்டு. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்களே அங்குப் பெரும்பான்மையோர். தலைநகர் கிங்ஸ்டனின் ஏழை மக்களிடையே வளர்ந்த 'டான்ஸ்ஹால்' இசையில், பாடுவோர் குரல் நீங்கலான வாத்திய இசைக்கு 'ரிடிம்' என்று பெயர். ஒரே ரிடிமின்மேல் பலர் வெவ்வேறு பாட்டுகளைப் பதிவு செய்வர். அதனைத் திருட்டென்று அங்கு இகழ்வதில்லை. அதன்மேல் நீ புதிதாக என்ன சொன்னாய் என்பதே கேள்வி. 1985-இல் கிங் ஜாமி தயாரிக்க, வெய்ன் ஸ்மித் பாடிய 'ஸ்லெங் டெங்' பாட்டின் ரிடிம், காசியோ நிறுவனத்தின் சிறிய கீபோர்டு ஒன்றில் முன்னரே பதிந்திருந்த தாளத்திலிருந்து எடுத்ததாகும். பொத்தானை அழுத்தினால் ஒலிப்பது! அதன்மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள் பிறந்தன.

ஒன்றை மறைத்தலாகாது. பழைய ரிடிம்களை வாசித்தளித்த கலைஞர் பலருக்கு அன்றைய கூலியே மிச்சம். பாடினவர் பெயரே ஊரறிந்தது. பறையடித்த நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தியன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், சிதம்பரம் செல்ல விடை கேட்கும் நந்தனை வேதியரான ஆண்டை இழித்துரைக்கும் பாட்டொன்று உண்டு. (இந்த ஆண்டை பெரிய புராணத்தில் இல்லை; அவர் கீர்த்தனையில் புகுந்தவர்.) சுப்பிரமணிய பாரதியார் 'தொண்டு செய்யும் அடிமை' என்ற பாட்டினை அதே மெட்டில் அமைத்தார். அதில் இழித்துரைப்பவன் ஆங்கிலேய அதிகாரி. கேட்டு நிற்பவன் சுயராச்சியம் கேட்ட இந்தியன். கதாகாலட்சேபத்தில் நந்தன் பட்ட ஏச்சைத் தாளம் போட்டு இரசித்தவர்கள், அதே மெட்டு காதில் விழுந்ததும் தாமே நந்தனின் இடத்தில் நிற்கக் கண்டிருப்பார்கள். புதிய மெட்டொன்றினால் இது கைகூடியிராது. பழகிய மெட்டு என்பதனாலன்றோ அவ்வளவு சுட்டது!

ஆயினும் எனக்கொரு குறையுண்டு. ஒரு பாட்டில் ஆண்டை பேசுகிறான். மற்றதில் வெள்ளையன் பேசுகிறான். ஏச்சுக் கேட்டவன் அந்த மெட்டிலேயே வாய்திறந்து விடையிறுக்கும் பாட்டை நம் இளைஞர் எழுத வேண்டும். திரைப்பட மெட்டும் இருக்கட்டும்; இதனையும் கைக்கொள்ளுங்கள்.

மெட்டு எனக்கு நினைவிருக்கிறது. கூட்டம் கலைந்ததும் விரும்புவோர் வாருங்கள், பாடிக் காட்டுகிறேன். பறைக்கு ஒருவர் வேண்டும். நிகழ்ச்சி நிரலில் பாடுவோர் பெயருக்கு முன்னே அவர் பெயரை அச்சிடுங்கள்.