ஸ்கிரீன்ல பச்சை, தரையில தப்பு: தானா இயங்குற டோசர் பிளேடுல கோளாறை எங்கே தேடுறது?

(ஒலி வடிவத்திலிருந்து, படிப்பதற்காகச் சுருக்கித் திருத்தியது)

ரோட்டு வேலை நடக்குற இடத்துல புல்டோசரைப் பார்த்திருப்பீங்க. மஞ்சள் வண்டி, முன்னாடி பெரிய பிளேடு. அந்த பிளேடை ஏத்துறது இறக்குறது எல்லாம் ஆபரேட்டர் கையாலதான் நடக்குதுன்னு நினைச்சிருப்பீங்க. இப்போ பல வண்டிகள்ல அந்த வேலையை கம்ப்யூட்டர் பார்த்துக்குது. ஆபரேட்டர் வண்டியை ஓட்டுவார், பிளேடு தானாவே ஏறி இறங்கும். இந்த சிஸ்டம் தப்பு பண்ணா கோளாறை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுதான் என் வேலை, இன்னைக்குப் பேச்சும் அதைப் பத்தித்தான்.

ஒரு சைட்ல நடந்ததுல இருந்து ஆரம்பிக்கிறேன். தென் தமிழ்நாட்டுல ஒரு ரோட்டுக்கு மண் கரை போட்டுக்கிட்டு இருந்தாங்க. சர்வேயர் ஆட்டோ லெவல் வச்சுப் பார்த்தா, முடிச்ச லேயர் 4 சென்டிமீட்டர் பள்ளமா இருக்கு. 4 சென்டிமீட்டர்னா உங்க கட்டைவிரல் நீளம்கூட இல்லை. ஆனா 10 மீட்டர் அகல ரோட்டுல ஒரு கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, 400 கன மீட்டர் மண். 16 கன மீட்டர் டிப்பர்ல 25 லோடு. அதை மறுபடியும் கொண்டுவந்து கொட்டணும், பரப்பணும், ரோலர் ஓட்டணும்.

பழி யார் மேல விழுந்துச்சு? ஆபரேட்டர் மேல. அவர் நடுநடுவுல ஆட்டோவை ஆஃப் பண்ணிட்டு கையால ஓட்டியிருக்கார், ரெக்கார்டுல இருக்கு. "கம்ப்யூட்டரை நம்பாம இவரா ஓட்டித்தான் கெடுத்துட்டார்"னு ஆபீஸ்ல முடிவே பண்ணிட்டாங்க. மறுநாள்ல இருந்து அவரை வண்டியில ஏத்த வேண்டாம்னு பேச்சு.

நான் போனதும் அவர்கிட்டதான் முதல்ல கேட்டேன்: "அண்ணே, ஏன் ஆஃப் பண்ணீங்க?"

"தம்பி, பிளேடு ரொம்பக் கடிக்குது. இன்ஜின் முக்குற சத்தத்துலயே தெரியுது. ஆனா ஸ்கிரீன் பச்சையாவே இருக்கு. நான் சொன்னா யாரு கேக்குறா?"

ஸ்கிரீன்ல பச்சைன்னா பிளேடு சரியான மட்டத்துல இருக்குன்னு அர்த்தம். ஆனா அந்த ஸ்கிரீனுக்கு மட்டம் எப்படித் தெரியும்? இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது.

பிளேடு எங்கே இருக்குன்னு யார் சொல்றது?

பிளேடோட ரெண்டு ஓரத்துலயும் கம்பம் நட்டு, மேல ஆன்டெனா வச்சிருப்பாங்க. அது செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும். உங்க போன்ல மேப் பார்க்கும்போது நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும்ல? அந்தத் துல்லியம் இங்கே பத்தாது. அதனால சைட்ல உயரம் தெரிஞ்ச ஒரு புள்ளி மேல பேஸ் ஸ்டேஷன் வச்சிருப்பாங்க. அது தன் இடத்துல தெரியுற பிழையைக் கணக்குப் போட உதவுற தகவலை ஒவ்வொரு நொடியும் ரேடியோவுல அனுப்பும். இதுக்கு ஆர்.டி.கே-ன்னு பேரு. சூழ்நிலை நல்லா இருந்தா உயரத்துல 2, 3 சென்டிமீட்டருக்குள்ள சொல்லிடும்.

ஆன்டெனா உயரம் தெரிஞ்சாச்சு. ஆனா மண்ணை வெட்டுறது ஆன்டெனா இல்லையே, பிளேடோட அடியில இருக்குற கட்டிங் எட்ஜ். ஆன்டெனாவுல இருந்து எட்ஜ் வரைக்கும் எவ்வளவு தூரம்னு ஒரு மனுஷன் அளந்து, கம்ப்யூட்டர்ல போட்டிருக்கான். அதைக் கழிச்சுதான் எட்ஜ் எங்கே இருக்குன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது. அப்புறம் ஹைட்ராலிக் வால்வைத் திறந்து மூடி பிளேடை நகர்த்துது.

ஆக, நாலு பேர் பேச்சை நம்பி ஒரு வேலை நடக்குது: வானம், பேஸ் ஸ்டேஷன், அளந்த மனுஷன், வால்வு. இதுல யார் சொன்னது தப்பு? அதைத் தரையில இருக்குற பிழையோட உருவத்தை வச்சே பெரும்பாலும் சொல்லிடலாம்.

பிழைக்கு ஒரு உருவம் இருக்கு

முதல் உருவம்: எல்லா இடத்துலயும் ஒரே அளவு, ஒரே பக்கம் தப்பு. ஆர்.டி.கே-யோட சாதாரண ஆட்டம்னா சில இடம் மேடா, சில இடம் பள்ளமா வரும். ஒரே பக்கம்னா யாரோ ஒரு எண்ணைத் தப்பா போட்டிருக்காங்க. ஒண்ணு பேஸ் ஸ்டேஷன் உயரம், இல்லைன்னா எட்ஜ் அளவு.

ரெண்டாவது: பிளேடோட ஒரு ஓரம் சரி, இன்னொரு ஓரம் தப்பு. ஒரு பக்க எட்ஜ் மட்டும் அதிகமா தேய்ஞ்சிருக்கும், இல்லை அந்தப் பக்கக் கம்பம் வளைஞ்சிருக்கும், நட்டு லூசாகியிருக்கும்.

மூணாவது: தரை அலை அலையா வரும், அந்தக் காலத்துத் துணி துவைக்கிற பலகை மாதிரி. இங்கே ஒரு எளிய சோதனை இருக்கு. வேகத்தைப் பாதியாக்கி ஓட்டுங்க. அலைகளுக்கு நடுவுல இருக்குற இடைவெளியும் பாதியானா, பிளேடு நேரக் கணக்குல ஆடுது. அப்போ வால்வு செட்டிங்கைப் பாருங்க. காலையில எண்ணெய் சூடாகுறதுக்கு முன்னாடியே வால்வு கேலிப்ரேஷன் பண்ணியிருந்தா இந்த மாதிரி ஆகும். பின், புஷ் தேய்ஞ்சு பிளேடுல ஆட்டம் விழுந்திருந்தாலும் ஆகும். வேகம் குறைஞ்சும் இடைவெளி மாறலைன்னா, ஏற்கனவே தரையில இருக்குற மேடு பள்ளத்துல செயின் ஏறி இறங்குது. கம்ப்யூட்டரை நோண்ட வேண்டாம்.

நாலாவது: வரும், போகும். நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு கை விட்டுடும். இதுக்கு அப்புறம் வரேன்.

நம்ம சைட்ல நான் ஆறு இடத்துல பார்த்தேன். ஆறும் பள்ளம், எல்லாம் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர். முதல் உருவம். அப்போ பேஸா, எட்ஜா?

மூணு பேர் சாட்சி

வண்டியை சமதரையில நிறுத்தி, பிளேடை மண்ணுல இறக்கி, ஆட்டோவை ஆஃப் பண்ணி, பார்க்கிங் பிரேக் போட்டு, இன்ஜினையும் நிறுத்தினோம். இதை அழுத்திச் சொல்றேன்: ஆட்டோவுல இருக்குற பிளேடு யாரையும் கேக்காம நகரும். கையில டேப்போட அதுக்குக் கீழே குனியிறது உயிரோட விளையாடுறது. ஸ்கிரீனுக்கு மட்டும் கரண்ட் இருந்தா போதும்.

முதல்ல சர்வேயரோட ரோவர் கம்பை உயரம் தெரிஞ்ச ஒரு பெஞ்ச்மார்க் மேல வச்சோம். ரோவரும் அதே பேஸ் ஸ்டேஷன்ல இருந்துதான் தகவல் வாங்குது. பேஸ் தப்புன்னா ரோவரும் தப்பாத்தான் சொல்லணும். ரோவர் சரியா சொன்னுச்சு. பேஸ் மேல குத்தம் இல்லை.

அடுத்து அதே ரோவரை எட்ஜோட இடது முனை, வலது முனை ரெண்டு இடத்துலயும் வச்சு, ஸ்கிரீன் காட்டுற உயரத்தோட ஒப்பிட்டோம். ரெண்டு முனையும் ஸ்கிரீன் சொல்றதைவிட 4 சென்டிமீட்டர் கீழே இருக்கு.

விசாரிச்சா, ஒர்க்ஷாப்ல அந்த ஞாயித்துக்கிழமை பழைய கட்டிங் எட்ஜைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டியிருக்காங்க. கம்ப்யூட்டர்ல இருக்குறது தேய்ஞ்சுபோன பழைய எட்ஜோட அளவு. எட்ஜ் இங்கேதான் இருக்குன்னு அது நம்புது, நிஜ எட்ஜ் அதுக்கும் 4 சென்டிமீட்டர் கீழே மண்ணைக் கடிச்சுக்கிட்டு இருக்கு. மாட்டினவங்க சர்வேயர்கிட்ட சொல்லலை, சர்வேயரும் கேக்கலை. புது அளவைப் போட பத்து நிமிஷம்கூட ஆகலை.

இதே கதை தலைகீழாவும் நடக்கும். புது எட்ஜுக்கு அளவு போட்டுட்டு மாசக்கணக்கா அப்படியே விட்டா, எட்ஜ் தேயத் தேய தரை மேடா நிக்கும். கொமாட்சு 2013-ல கொண்டுவந்த மாதிரியான வண்டிகள்ல பிளேடுல கம்பமே கிடையாது. ஆன்டெனா கேபின் கூரைக்குப் போயிடுச்சு, சிலிண்டருக்குள்ளயே சென்சார் இருக்கு. ஆனா எட்ஜ் எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு அதுக்கும் நாமதான் சொல்லணும்.

நான் ரிப்போர்ட்ல ஒரு வரி சேர்த்து எழுதினேன்: ஆபரேட்டர் ஆட்டோவை ஆஃப் பண்ணி ஓட்டின பகுதியில லெவல் சரியா இருக்கு. அளந்து பார்த்துட்டுத்தான் எழுதினேன். மறுநாள் காலையில வண்டியில அவர்தான் ஏறினார்.

சாயங்காலம் ஏழரைக்கு வர்ற கோளாறு

இப்போ அந்த நாலாவது உருவம். வேறொரு சைட், அதுவும் தெற்கே, மார்ச் மாசம். இருட்டினதுக்கு அப்புறம் சிஸ்டம் திரும்பத் திரும்ப பிளேடைக் கை விடுது. கேபிளை மாத்தியாச்சு, ரேடியோவை மாத்தியாச்சு. காலையில எல்லாம் நல்லா ஓடும், ராத்திரி மறுபடியும் அதே கதை.

வந்து போற கோளாறுல ரெண்டு கேள்வி கேக்கணும். ஒண்ணு, அதே நேரத்துல ரோவரும் தடுமாறுதா? வண்டி மட்டும்தான்னா வண்டியோட கேபிள், கனெக்டரைப் பாருங்க. ரெண்டும்னா பிரச்சினை வெளியில. ரெண்டாவது, பேஸ் அனுப்புற தகவல் நொடிக்கு நொடி வருதா? வரலைன்னா ரேடியோ. வந்துக்கிட்டே இருந்தும் செயற்கைக்கோள் எண்ணிக்கை சரிஞ்சா, தலைக்கு மேல பாருங்க.

அங்கே ரோவரும் தடுமாறுச்சு, தகவலும் ஒழுங்கா வந்துச்சு. நோட்டுல நேரத்தைக் குறிச்சு வச்சோம். தினமும் ஏழரைக்குத் தொடங்குது, நடுராத்திரிக்குள்ள அடங்கிடுது.

பூமியோட காந்த நடுக்கோடு நம்ம தென்கோடிக்குப் பக்கத்துலதான் போகுது. 1963 நவம்பர் 21-ல ராக்கெட் விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததுக்கு அதுதான் காரணம். திருநெல்வேலிகிட்ட இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தோட ஆய்வுக்கூடம் இருக்குறதும் அதனாலதான். இந்தக் கோட்டுக்கு அக்கம்பக்கத்துல, சூரியன் மறைஞ்சதும் மேலே அயனி மண்டலத்துல குமிழி குமிழியா கலக்கம் உண்டாகும். நட்சத்திரம் மின்னுற மாதிரி செயற்கைக்கோள் சிக்னல் மின்ன ஆரம்பிச்சுடும். நம்ம பக்கம் மார்ச் ஏப்ரல்லயும், செப்டம்பர் அக்டோபர்லயும் இது அதிகம். சூரியன் உக்கிரமா இருக்குற வருஷங்கள்ல இன்னும் அதிகம். தன்னோட 11 வருஷச் சுழற்சியில சூரியன் உச்சக் கட்டத்துக்கு வந்துட்டதா 2024 அக்டோபர்ல நாசாவும் நோவாவும் அறிவிச்சாங்க.

கேபிளை மாத்தி வானத்தைச் சரிபண்ண முடியாது. அதனால வேலையை மாத்தினோம். கடைசி மட்டம் பார்க்குற ஓட்டம் எல்லாம் பகல்ல. ராத்திரியில மொத்தமா மண் தள்ளுற வேலை மட்டும், அதுவும் கையால. அவசரமா மட்டம் முடிக்கணும்னா டோட்டல் ஸ்டேஷன். அது தரையிலயே நின்னு வண்டியைப் பார்த்து அளக்கும், செயற்கைக்கோள் தேவையே இல்லை.

இந்த வேலைக்கு வரணும்னு யோசிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். லேப்டாப்பைத் திறக்குறதுக்கு முன்னாடி தரையை அளங்க. எட்ஜ் எப்போ மாத்தினாங்கன்னு கேளுங்க. எத்தனை மணிக்குக் கோளாறு வந்துச்சுன்னு எழுதி வைங்க. எல்லாத்துக்கும் முன்னாடி, வண்டியில உக்காந்து இருக்குறவர்கிட்ட என்ன சத்தம் கேட்டுச்சுன்னு கேளுங்க. அந்த 4 சென்டிமீட்டர் அவருக்கு முதல் நாளே தெரிஞ்சிருந்துச்சு.

கேள்வி இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.