பல்வலிதானே என்று படுத்துவிடாதீர்கள்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் எழுந்தால் பராமரிப்புக் கட்டணப் பாக்கியைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இன்று அது இல்லை, பல்வலி. நான் மருத்துவன் அல்ல, வங்கியில் பேரேடு எழுதியவன். ஆனால் ஒரு சொத்தைப் பல் என் மைத்துனரை ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்தியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அங்கே மருத்துவர்களிடம் கேட்டதையும், பிறகு படித்ததையும் சொல்கிறேன்.

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் அது. வலித்தபோதெல்லாம் கிராம்புத் தைலம், மருந்துக் கடை மாத்திரை. ஒரு நாள் வலி தானாக நின்றது. சரியாகிவிட்டது என்றார். நரம்பு செத்துப்போனதால் நின்ற வலி அது. வேர் நுனியில் சீழ் சேர்ந்துகொண்டே இருந்தது. நோட்டீஸ் வருவது நின்றால் கடன் அடைந்துவிட்டது என்று அர்த்தமா? போதாக்குறைக்கு அவருக்குச் சர்க்கரையும் உண்டு.

ஒரு ஞாயிறு இரவு தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் வீங்கி, பலகை போல இறுகிவிட்டது. எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகியது. சூடான சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல். காலையில் பல் டாக்டரிடம் போகலாம், இப்போது படுங்கள் என்றோம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பிடிவாதம்தான் எங்களைக் கிளப்பியது.

இதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். நெஞ்சுவலிக்குச் சொல்லும் ஆஞ்சைனா வேறு. 1836இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் லுட்விக் ஐந்து நோயாளிகளிடம் கண்டு எழுதியது. நம் நாக்குக்குக் கீழே ஒரு தசை வாய்க்குத் தரை போல விரிந்திருக்கிறது. கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர் நுனி பெரும்பாலும் அந்தத் தரைக்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கே கிருமி பரவினால் வீக்கம் நாக்கை மேலேயும் பின்னேயும் தள்ளுகிறது. மூச்சுப் பாதை அடைபடுகிறது. கிருமிக்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன்பு இதில் பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

சீழை எடுக்க எதற்கு ஐ.சி.யூ. என்று நானும் கேட்டேன். வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. மயக்கம் கொடுத்தால் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மிச்சமிருக்கும் வழியும் மூடிக்கொள்ளலாம். அதனால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமரா பொருத்திய வளையும் குழாயைச் செலுத்தினார்கள். அது தவறினால் கழுத்தில் துளையிட அறுவை மருத்துவர் தயாராக நின்றார். பிறகு தாடைக்கு அடியில் கீறி, சீழை வடித்து, பல்லையும் பிடுங்கினார்கள். வீக்கம் உடனே வற்றாது. அதுவரை குழாயை எடுக்க முடியாது. சீழ் நெஞ்சுக்குள் இறங்குகிறதா, ரத்தத்தில் கிருமி பரவுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஐ.சி.யூ.

செலவுக் கணக்கையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2007இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பல் சீழ் மூளைக்குப் பரவி 12 வயதுச் சிறுவன் இறந்தான். பல்லைப் பிடுங்கியிருந்தால் சுமார் 80 டாலர். சிகிச்சைக்கு ஆனது இரண்டரை லட்சம் டாலர்.

வெறும் பல்வலிக்கு நாளைக் காலை வரை பொறுக்கலாம். விழுங்க முடியவில்லை, குரல் மாறுகிறது, நாக்கு மேலே தூக்குகிறது, படுக்க முடியவில்லை என்றால் பொறுக்கக் கூடாது. மாத்திரையோ தண்ணீரோ திணிக்காதீர்கள். உட்கார்ந்த நிலையிலேயே அழைத்துப் போங்கள். மூச்சுக்குழாய் போடவும் அறுவை செய்யவும் வசதி உள்ள இடமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 108க்குப் பேசும்போது பல்வலி என்று ஆரம்பிக்காதீர்கள். கழுத்து வீங்கி மூச்சு முட்டுகிறது என்று சொல்லுங்கள்.