வரலாற்றுப் படிப்பும் வீட்டுத் தகரப் பெட்டியும்

(பெரார்கஞ்சில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழாக் குழுவினர் எம்மை அழைத்தபோது, பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேசுமாறு பணித்தனர். பொறியியலைப் பற்றியும் செவிலியர் பயிற்சியைப் பற்றியும் கூற வல்லார் இவ்வவையில் பலர் உளர். யாம் எடுத்துக்கொண்டதோ எவரும் ஆசையோடு விசாரிக்காத ஒரு படிப்பு. அது பி.ஏ. வரலாறு.

சென்ற ஆண்டு நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு மாணவி பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறி, வரலாறு படிக்க வேண்டும் என்றாள். அவளுடைய தாயார் எம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, "அண்ணாச்சி, செத்துப்போன ராசாக்களைப் படிச்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்டார். அக்கேள்வியை யாம் இகழவில்லை. கடல் கடந்து வந்து, காட்டிலும் சாலையிலும் துறைமுகத்திலும் உழைத்த குடும்பங்கள் நாம். சோற்றைப் பற்றிக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

ஆகவே முதலில் சோற்றின் கணக்கைக் கூறிவிடுவோம். வரலாற்றில் பட்டம் பெற்றவர், கல்வியியல் பட்டமும் பெற்றால் ஆசிரியராகலாம். ஆட்சிப் பணித் தேர்வுகளை எழுதலாம். அத்தேர்வுகளில் வரலாறு பெரும்பங்கு வகிக்கிறது. ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், தொல்லியல் துறை என வேறு வாயில்களும் உள. எனினும், பட்டம் பெற்ற மறுநாளே வேலை வீடு தேடி வரும் என்று உரைத்தால் அது பொய். எந்தப் பட்டத்துக்கும் அவ்வுறுதியை இன்று எவரும் தர இயலாது.

இப்படிப்பு நம் தீவுகளுக்கு வந்த கதை சுவையானது. 1967ஆம் ஆண்டில்தான் போர்ட் பிளேரில் அரசுக் கல்லூரி தோன்றியது. இன்று அது ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா எனப்படுகிறது. அதற்கு முன் பட்டம் வேண்டிய தீவுப் பிள்ளை கப்பலேறியே ஆகவேண்டும். தொடங்கிய கல்லூரியையோ பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தனர்! சண்டிகர் எங்கே, வங்கக் கடல் எங்கே? 1985ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின் அதனோடு இணைப்பு ஏற்பட்டது. 1990ஆம் ஆண்டில் மாயாபந்தரிலும் ஒரு கல்லூரி எழுந்தது. நம் பெண் மக்கள் காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பிப் பட்டம் பெறும் நிலை இவ்வாறு வந்தது.

பல்கலைக்கழகங்களில் வரலாறு தனிப் பாடமாக நிலைபெற்றதும் நெடுங்காலத்துச் செய்தியன்று. இங்கிலாந்திலேயே ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் அதற்குத் தனித் தேர்வு வகுத்தது 1870களில்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டில் தோன்றியது. ஆயினும் இந்திய வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் அங்கே தனித்துறை அமைந்தது 1914ஆம் ஆண்டில். முதற் பேராசிரியர் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார். 1929ஆம் ஆண்டில் அவ்விடத்துக்கு வந்தவர் நீலகண்ட சாஸ்திரியார். சோழர் வரலாற்றை விரிவாக எழுதியவர். நம் மொழியில் பட்ட வகுப்பு நடத்த முடியுமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 1960ஆம் ஆண்டில் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்வழி பி.ஏ. வகுப்பைத் தொடங்கிப் பார்த்தனர். அதற்கெனத் தமிழில் பாடநூல்கள் எழுதப்பட்டன.

மூன்றாண்டுப் படிப்பில் என்ன கற்பிக்கின்றனர்? பண்டைய இந்தியா, இடைக்கால இந்தியா, விடுதலைப் போராட்டம், ஐரோப்பா, கிழக்காசியா என்று தாள்கள் விரியும். 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைக்குப் பின் விரும்புவோர் நான்காம் ஆண்டும் பயிலலாம். அரசர் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்து தேர்வெழுதிவிட்டு மறப்போரும் இருக்கின்றனர். அவர்களைப் பற்றிப் பேச யாம் வரவில்லை. நன்கு கற்பவன் பெறுவது வேறொன்று. ஒரு செய்தியைக் கேட்டவுடன், "இதற்குச் சான்று யாது? சொன்னவர் யார்? எப்போது சொன்னார்?" என்று வினவும் பழக்கம் அது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். முதலாம் இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடற்படை அனுப்பிக் கடாரம் கொண்டான். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவன் கல்வெட்டு, வென்ற இடங்களை வரிசைப்படுத்துகையில் மாநக்கவாரத்தையும் கூறுகிறது. அது நம் தெற்கேயுள்ள நிக்கோபார். ஆனால் அவ்வரிசையில் வரும் ஸ்ரீவிசயம் எந்த நாடு என்பது நெடுநாள் விளங்கவில்லை. 1918ஆம் ஆண்டில் ழார்ழ் செதேஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் தமிழ்க் கல்வெட்டையும், சீனர் குறிப்புகளையும், கடல் கடந்த நாடுகளின் கல்வெட்டுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அது சுமாத்திராவின் பலெம்பாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பேரரசு என்று காட்டினார். ஒரு கல்லின் சொல்லுக்கு மற்றொரு நாட்டின் ஏடு சாட்சி கூறிற்று.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். நம் விழா மேடைகளில், சோழன் அந்தமானில் கோட்டை கட்டினான், கொடி நாட்டினான் என்று முழங்குவது வழக்கமாகிவிட்டது. யாமும் முழங்கியதுண்டு. கல்வெட்டில் இருப்பது மாநக்கவாரம் என்ற பெயரும் வெற்றியும் மட்டுமே. அன்று கைதட்டியவர்களுள் ஒரு மாணவன் வரலாறு பயின்றவனாக இருந்திருந்தால், "ஐயா, அது எந்த வரியில் உள்ளது?" என்று எழுந்து கேட்டிருப்பான். 2024ஆம் ஆண்டில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் வந்தபோதும் பிள்ளைகள் பலர், அது சோழன் வென்ற நாட்டின் பெயரா என்று எம்மைக் கேட்டனர். விடுதலைப் போரில் பெற்ற வெற்றியின் அடையாளம் என்பதே அறிவிப்பில் கூறப்பட்ட பொருள். இரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதும் இப்படிப்புத்தான்.

தொலைவில் உள்ள தஞ்சை கிடக்கட்டும். நாம் நிற்கும் மண்ணைப் பாருங்கள். பெரார்கஞ்ச் என்னும் பெயரில் கஞ்ச் என்பது சந்தையைக் குறிக்கும் இந்திச் சொல். பெரார் என்பவர் 1920களில் இத்தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த ஆங்கிலேயர். அவர் காலத்தில் இங்கே குடியேற்றப்பட்டோர் ஐக்கிய மாகாணத்துப் பாந்து வகுப்பார். குற்றப் பரம்பரை என்று ஆங்கில அரசு முத்திரை குத்திய மக்கள் அவர்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நம் முதியவர்களுக்கு அச்சட்டத்தைப் பற்றி யாம் கூறவேண்டுமா? கைரேகைச் சட்டம் என்று அதன் கொடுமையை உங்கள் பாட்டனார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1920ஆம் ஆண்டில் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்தோர் துப்பாக்கிக்கு இரையாயினர். அங்கே கைரேகை வைத்தவனும் இங்கே கப்பலில் இறக்கப்பட்டவனும் ஒரே சட்டத்தின் கீழ் துன்புற்றவர்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்?

அருகில் மன்னார்காடு, திரூர் என ஊர்கள் உள்ளன. 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார் தம் சொந்த ஊர்ப் பெயர்களைக் கொண்டு வந்து நட்டனர். ஹம்ப்ரிகஞ்சில் 1944ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் ஜப்பானியர் 44 பேரைச் சுட்டுக் கொன்றனர். இவர்கள் எல்லாருக்கும் முன்னே, இக்காடுகளைத் தமதாகக் கொண்டிருந்தவர் ஜராவா மக்களும் பிற பழங்குடியினரும். நாம் உழைத்துச் சாலை போட்டோம் என்று பெருமை கொள்கிறோம். அச்சாலை எவருடைய காட்டினூடே சென்றது என்பதையும் சேர்த்தெழுதினால்தான் அது வரலாறு.

சரி, இவ்வரிசையில் தமிழர் எங்கே? இங்கேதான் எம் குற்றத்தைக் கூற வேண்டியிருக்கிறது.

எம் தந்தையார் அறுபதுகளில் சென்னையில் கப்பலேறி இங்கு வந்தவர். அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதனுள் கப்பல் சீட்டு, வேலைக்கு எடுத்த மேஸ்திரியின் கூலிக் கணக்கு, ஊரிலிருந்து எம் பாட்டி பிறரைக் கொண்டு எழுதுவித்த கடிதங்கள். அவர் மறைந்தபின் வீட்டைப் புதுப்பித்தோம். பெட்டி துருப்பிடித்திருந்தது, தாள்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தன. கொல்லையில் குப்பையோடு சேர்த்து யாமே தீயிட்டோம். அரைமணி நேரத்தில் எல்லாம் சாம்பல். அதன்பின் சில ஆண்டுகள் கழித்து எம் பெயர்த்தி, "தாத்தாவின் அப்பா எந்தக் கப்பலில் வந்தார்? ஒரு நாளைக்கு என்ன கூலி வாங்கினார்?" என்று பள்ளிக் கட்டுரைக்காகக் கேட்டாள். கப்பலின் பெயர்கூட எமக்கு நினைவில்லை. அரசரின் சொல்லைக் கல் காத்தது; எம் தந்தையின் சொல்லை யாம் காக்கவில்லை.

திண்ணைக்கு வந்த தாயாரிடம் இதைத்தான் கூறினோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க வீட்டிலயும் ஒரு பெட்டி கிடக்கு, அண்ணாச்சி" என்றார். அப்பெண் இவ்வாண்டு கல்லூரியில் வரலாற்று வகுப்பில் சேர்ந்துவிட்டாள். இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள், நாணித் தலைகுனிகிறாள்.

சங்கச் செயலாளரிடம் கேட்டுக்கொண்டதன்பேரில், நூலக அறையில் ஈரம் புகாத இரும்பு அலமாரி ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது. பழைய கப்பல் சீட்டு, குடும்ப அட்டை, நில ஒதுக்கீட்டுத் தாள், கடிதம், புகைப்படம் எதுவாயினும் கொண்டு வாருங்கள். அசலைத் தர மனமில்லையேல் படமெடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம். எழுத்தில்லாத வீட்டார் தம் மூத்தோரை அழைத்து வந்தால், அவர் சொல்வதை அப்பெண்ணும் அவளுடைய தோழியரும் எழுதிக்கொள்வர். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் அறை திறந்திருக்கும். முதல் ஞாயிறன்று யாமும் அங்கே இருப்போம்.