விளிம்பில் தொடங்கும் கல்வி

இன்று பட்டம் பெறும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் தம் ஆய்வேட்டுத் தரவுகளை அலசிய கணினித் திறனைப் பெரும்பாலும் பாடத்திட்டத்தில் கற்கவில்லை என்பதையும், முகமறியாத யாரோ இணையத்தில் எழுதிவைத்த விடைகளிலிருந்தே கற்றனர் என்பதையும் இவ்வவை மறைக்க வேண்டியதில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய ஆசிரியர்கள் உருவாக்கி, 1995இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட 'ஆர்' என்னும் புள்ளியியல் நிரல்மொழி இதற்குச் சான்றாகும். 2000 பிப்ரவரி 29 அன்று அதன் முதல் முழுப்பதிப்பு வருமுன்பே, பல நாட்டுப் பயனர்கள் ஒருவர்க்கொருவர் ஐயம் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியிருந்தது. உதவி கேட்பவர் 'மீளுருவாக்கத்தக்க எடுத்துக்காட்டு' ஒன்றைத் தரவேண்டும் என்பது அங்குள்ள மரபு. அதாவது, பிறர் தம் கணினியில் இயக்கி அதே பிழையைக் காணும் அளவுக்கு நிரலைச் சுருக்கித் தருவது. நாலாயிரம் வரிசை கொண்ட கணக்கெடுப்புக் கோப்பில் வயதின் சராசரி வராமல் எச்சரிக்கை மட்டுமே வரக் கண்டு திண்டாடும் மாணவர், அதைப் பாதிபாதியாக வெட்டி ஐந்து வரிசைக்குக் கொண்டுவரும்போது, ஒரு கட்டத்துக்குள் எண்ணுக்குப் பதில் 'தெரியாது' என்று தட்டச்சாகியிருப்பதும், அந்த ஒற்றைச் சொல்லால் வயதுப் பத்தி முழுவதையும் கணினி எழுத்தாகவே கொண்டதும் கண்ணில் படும். வினாவை அனுப்பாமலே விடை கிடைத்துவிடுகிறது. ஆனால் பிறர் படிப்பார் என்ற எண்ணம் இல்லாதிருந்தால் அவர் அந்த அளவுக்கு வெட்டியிருக்கமாட்டார்.

கற்றலை ஆராய்ந்த ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் வெளியிட்ட நூலில், பிறரிடையே பழகிக் கற்கும் இவ்வகைக் கற்றலுக்கு 'முறையான விளிம்புநிலைப் பங்கேற்பு' என்று பெயரிட்டனர். லைபீரியத் தையற்கடையில் பழகவந்தவர் பித்தான் தைப்பதில் தொடங்கித் துணி வெட்டும் நிலைக்கு உயர்வதுபோல, புதியவர் ஒரு தொழிற்சமூகத்தின் ஓரத்திலிருந்து மெல்ல நடுவே வருவதே கற்றல் என்பது அதன் பொருள். இணையத்தின் ஓரத்தில் வரவேற்பு எப்போதும் இதமாக இருந்ததில்லை என்பதும் உண்மையே. "கையேட்டைப் படித்துவிட்டு வா" என்ற ஒற்றை வரியால் மீண்டும் கேட்கவே கூசியவர்கள் உண்டு.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் பலர் இயந்திரத்திடமே கேட்கத் தொடங்கிவிட்டனர். அது கடிந்துகொள்வதில்லை; ஆனால் அங்கே தனியே பெற்ற விடை அடுத்து வருபவருக்குத் தடமாக எஞ்சுவதில்லை.

அதே பிழையோடு இந்த வாரமும் ஒரு முதலாண்டு மாணவர் உட்கார்ந்திருப்பார். இன்று பட்டம் பெறுவோர் அவருக்கு எல்லோரும் காணும் இடத்தில் விடை எழுதவேண்டும், கையேட்டில் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து.