மற்ற நால்வர்



கலை என்றதும் நமக்குப் பாட்டும் கூத்தும் நாடகமும் நினைவுக்கு வரும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ, கலையென்று யாரும் எண்ணாத, நம் கல்லூரி வகுப்பறைகளில் வாரந்தவறாமல் நடக்கிற ஒன்றைப் பற்றி. ஐந்து மாணவர்கள் ஒரு தலைப்பை எடுத்து, பவர்பாயின்ட்டில் சிலைடுகள் தயாரித்து, வகுப்பின் முன் நின்று ஒருவர் பின் ஒருவராகப் பேசுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். மாணவர்கள் இதைப் 'பிபிடி' என்பார்கள், ஆசிரியர்கள் 'செமினார்' என்பார்கள். இன்டர்னல் மார்க்குக்காக எப்படியோ முடித்துக் கொடுக்கும் வேலை என்று பலரும் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. நன்றாகச் செய்யப்பட்ட குழு உரை ஒன்றை உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது எத்தனை பெரிய அனுபவம் என்று தெரியும். அந்த நேரத்தில் பேசிக்கொண்டிருப்பவரைவிட, பேசாமல் பக்கத்தில் நிற்கும் மற்ற நால்வரை வைத்தே அந்த உரையை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். தென்மாவட்டக் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். வானொலி வழியே வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தார். கதையை நடத்துபவர் ஒருவர்தான். ஆனால் குடம் அடிப்பவரும் உடுக்கைக்காரரும் ஒவ்வொரு அடிக்கும் 'ஆமா' போட்டு, இடையில் ஒரு கேள்வி கேட்டு, கதையைக் கீழே விழாமல் தாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கும் முழுக்கதை மனப்பாடம். அதனால்தான் யார் எங்கே விட்டாலும் அடுத்தவர் அங்கே எடுக்க முடிகிறது.

நம் வகுப்பறையில் என்ன நடக்கிறது? தலைப்பு கிடைத்த அன்றே பாகப்பிரிவினை. முன்னுரை உனக்கு, வரலாறு எனக்கு, நன்மை தீமை அவளுக்கு, முடிவுரை அவனுக்கு. வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு. ஆளுக்கு நான்கு சிலைடு. முந்தின நாள் ராத்திரி யாராவது ஒரு பொறுப்பான பிள்ளை எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டும். மறுநாள் பார்த்தால் ஐந்து விதமான எழுத்துரு, ஒரே விளக்கம் மூன்று இடத்தில். தன் நான்கு சிலைடைப் பேசி முடித்தவர் ஓரமாய்ப் போய் நின்று ஜன்னலைப் பார்ப்பார். கூட்டு வேலையில் தனி ஆளின் முனைப்பு குறைவது புதிய சங்கதியல்ல. பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து பார்த்து 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தந்த பலம், தனியாக இழுத்ததில் ஏறக்குறையப் பாதிதான் இருந்தது.

ஆகவே பாகம் பிரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஐவரும் உட்கார்ந்து ஒரு கேள்வியைக் கண்டுபிடியுங்கள். 'சென்னையின் குடிநீர்' என்று தலைப்பு கிடைத்த ஒரு குழு இதை எப்படிச் செய்தது என்று சொல்கிறேன். அவர்கள் திரையில் முதலில் காட்டியது செயற்கைக்கோள் எடுத்த இரண்டு படங்கள். அவற்றில் ஒரு வரி எழுத்துகூட இல்லை. ஒன்றில் நீர் நிறைந்த ஏரி, மற்றொன்றில் வெளிறிய தரை. முதல் மாணவி வகுப்பு பார்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, "இரண்டும் புழல் ஏரிதான். இது 2018, இது 2019" என்றாள். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்தால் சுமார் 11 டி.எம்.சி. கொள்ளும் என்றும், 2019 ஜூனில் அவை அநேகமாக வறண்டு கிடந்தன என்றும் சொல்லி நிறுத்தினாள். அடுத்த மாணவன், வணக்கம் சொல்லாமல், தன் பெயர் சொல்லாமல், அவள் விட்ட இடத்திலேயே பிடித்தான். "எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இலேயே சட்டம் போட்ட மாநிலம் இது. அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை?"

அந்த ஒரு 'ஏன்' போதும். மீதி உரை முழுவதும் அதற்குப் பதில் தேடிப் போனது. மூன்றாவதாக வந்தவள் தன் கையால் வரைந்த படம் ஒன்றைக் காட்டினாள். வீட்டு மழைநீர்க் குழியின் குறுக்குவெட்டு: அடியில் பெரிய ஜல்லி, நடுவில் சிறு ஜல்லி, மேலே மணல். மாடியிலிருந்து வரும் தூசியும் களிமண்ணும் அந்த மணல் அடுக்கின் மேல் படிந்து எப்படி அடைத்துக்கொள்கின்றன என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, அவர்கள் ஐவரும் தத்தம் வீட்டுக் குழியைத் திறந்து எடுத்த ஐந்து போட்டோக்களை வைத்தாள். வகுப்பில் ஒரு சலசலப்பு. சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தங்கள் குழியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பலருக்கும் அப்போதே தோன்றியிருக்கும்.

இந்த உரையில் சிலைடு எதற்குப் பயன்பட்டது என்று கவனியுங்கள். கண்ணால் பார்த்தால்தான் விளங்கும் என்ற விஷயம் திரைக்குப் போனது. மற்றதெல்லாம் பேச்சில் வந்தது. பத்து வரி எழுதிவைத்து, வகுப்புக்கு முதுகைக் காட்டி அதையே வாசிப்பவர்கள் கேட்பவர்களுக்கு இரட்டை வேலை வைக்கிறார்கள். காதில் விழுவதையே கண்ணும் படிக்க வேண்டியிருந்தால் கற்றல் குறைகிறது, படமும் பேச்சும் மட்டும் இருந்தால் நன்றாகப் பதிகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

வரிவரியாக அடுக்கும் பழக்கத்தில் ஆபத்தும் இருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் இறந்தார்கள். ஓடம் புறப்பட்டபோது நுரைக்காப்புத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியிருந்தது. அதனால் சேதம் இருக்குமா என்று பொறியாளர்கள் நாசா அதிகாரிகளுக்கு விளக்கியது சிலைடுகளில்தான். அதில் ஒரு சிலைடின் தலைப்பு தெம்பளிப்பதாக இருந்தது. மோதிய துண்டு, முன்பு சோதனையில் பயன்படுத்திய துண்டைவிட 640 மடங்கு பெரிது என்பதற்கான எண்களோ கடைசி வரியில், சின்ன எழுத்தில் இருந்தன. எட்வர்ட் டஃப்டி என்ற அறிஞர் அந்தச் சிலைடை அலசிக் காட்டினார். விபத்தை விசாரித்த குழுவும் தன் அறிக்கையில் அதைச் சேர்த்துக்கொண்டு, பொறியியல் அறிக்கைக்குப் பதிலாகச் சிலைடுகளைக் கொடுக்கும் பழக்கத்தைக் கண்டித்தது. நம் மாணவர்கள் நாளைக்குப் பொறியாளர்களாக, மருத்துவர்களாக, அரசு அலுவலர்களாகப் போகிறவர்கள். எது முக்கியமோ அதைத் தலைப்பில் வைக்க வேண்டும் என்பதை இரண்டாம் ஆண்டு வகுப்பிலேயே பழகிக்கொள்ளட்டும்.

தமிழில் சிலைடு போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பென் டிரைவில் கொண்டுவந்தால், அந்த எழுத்துரு இல்லாத வகுப்பறைக் கணினி அதை ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் காட்டும். யூனிகோடில் அடியுங்கள், கூடவே பிடிஎஃப் பிரதி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே புரொஜெக்டரில் போட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்குத் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் எழுத்து சிறியது. பட்டப்பகல் வெளிச்சத்தில் மஞ்சள் எழுத்து காணாமலே போய்விடும்.

ஒத்திகைக்கு வருகிறேன். அவரவர் தனியாகக் கண்ணாடி முன் பேசிப் பார்த்தால் போதாது. ஐவரும் சேர்ந்து, கடிகாரத்தை வைத்து, ஒருமுறை முழுவதும் பேசுங்கள். அடுத்தமுறை பாகத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாமவர் பேச வேண்டியதை முதலாமவர் பேசிப் பார்க்கட்டும். எங்கே திணறுகிறாரோ அங்கே அந்தப் பகுதி அவருக்குப் புரியவில்லை. புரியாததை மேடைக்குக் கொண்டுபோகாமல் இருக்க அப்போதே வழி கிடைத்துவிடும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து அன்று வர முடியாமல் போனாலும் உரை நிற்காது. மேடையில் பேசவே பயப்படும் பிள்ளை எல்லாக் குழுவிலும் இருக்கும். 'நீ சிலைடு மாத்து, போதும்' என்று அந்தப் பிள்ளையை மடிக்கணினிக்குப் பின்னால் உட்கார வைத்துவிடாதீர்கள். தானே கண்டுபிடித்த ஒரு விஷயத்தை, தன் வீட்டுக் குழியின் போட்டோவை, இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். தான் பார்த்ததைச் சொல்லும்போது அதே பிள்ளை தடங்கலில்லாமல் பேசுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

ஆசிரியர் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அரை மணி நேரத்தையும் பேச்சுக்கே கொடுத்துவிட்டு, "எனி டவுட்ஸ்?" என்று கேட்டு மணி அடிக்க விடாதீர்கள். இருபது நிமிடம் பேசட்டும், பத்து நிமிடம் கேள்விக்கு இருக்கட்டும். ஏரியைப் பற்றிப் பேசிய மாணவியிடம் மணல் அடுக்கைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் குழுவிடம் நான் கேட்டேன்: "அடைத்துக்கொண்ட மணலை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?" முதல் மாணவி, மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஆண்டுதோறும் மேல் அடுக்கைச் சுரண்டிக் கழுவ வேண்டும் என்று பதில் சொன்னாள். குழியை வரைந்தவள் உடனே, "மாடியைக் கூட்டிவிட்டால் பாதி வேலை மிச்சம், ஐயா" என்று சேர்த்தாள். ஐவருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.