ஷாப்புக்குப் பூட்டு, அடுப்புக்கும் பூட்டா?

(திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கழிவு நீரைச் சுத்தம் செய்யாத தோல் ஷாப்புக்கு அதிகாரிகள் பூட்டுப் போட்டு அரக்கு வைக்கிறார்கள். சுத்திகரிப்பு ஏற்பாடு முடியும்வரை வேலை நடக்கக்கூடாது என்கிறார்கள். இது தற்காலிக ஏற்பாடுதான். ஆனால் அது யார் தலையில் விடிகிறது?

ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட உத்தரவை நாம் எதிர்க்கவில்லை. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பே கூறுகிறது. உப்பையும் ரசாயனத்தையும் சுமந்த அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் எடுத்த கணக்கும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன! அவை யாருடைய கிணறுகள்? நம் மாமன் மச்சான்மாரின் கிணறுகள் அல்லவா? விவசாயியையும் தொழிலாளியையும் மோதவிட முதலாளி பார்ப்பார். ஏமாறக் கூடாது.

1996 ஆகஸ்ட் 28-இல் வந்த அந்தத் தீர்ப்பு, திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களில் ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாவிட்டால் ஷாப்பு ஓடக்கூடாது என்றது. கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும் என்றது. நல்ல நியாயம்!

ஆனால் பூட்டிய ஷாப்பின் வாசலில் ஒரு தாய் என்னைக் கேட்டார்: "தண்ணி நல்லாகட்டும் தோழர். அதுவரைக்கும் அடுப்பு எப்படி எரியும்?"

சட்டம் என்ன பதில் சொன்னது? அன்று அமலிலிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டப்படி, 50 பேருக்குக் குறைவான ஷாப்பில் லே-ஆஃப் ஈட்டுத்தொகை கிடையாது. பெரிய ஷாப்பிலும் ஓராண்டு தொடர்ந்து உழைத்தவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதிதான். மஸ்டரில் பெயரே ஏறாத உருப்படிக் கூலிக்காரருக்கு? வெறுங்கை!

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அதே 1996-இல், ஜூலை 8 அன்று, அதே உச்ச நீதிமன்றம் டெல்லியில் 168 ஆலைகளை மூடி நகருக்கு வெளியே மாற்றச் சொன்னது. மூடிய நாள் முதல் புது இடத்தில் ஆலை ஓடும் நாள் வரை தொழிலாளி வேலையில் இருப்பதாகவே கொண்டு முழுச் சம்பளம் தரவேண்டும் என்று உத்தரவிட்டது. டெல்லித் தொழிலாளிக்கு ஒரு வயிறு, திண்டுக்கல் தொழிலாளிக்கு வேறு வயிறா?

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. மூடப்படும் நாட்களுக்கு முழுச் சம்பளம் தரவேண்டும். அதை முதலாளியே தரவேண்டும்.

2. உருப்படிக் கூலிக்காரர், பெண்கள் உட்பட அனைவர் பெயரும் மஸ்டரில் ஏறவேண்டும்.

3. செய்யவேண்டிய வேலையும் முடிக்கவேண்டிய தேதியும் பூட்டுப் போடும் உத்தரவிலேயே இருக்கவேண்டும். பழுதை நீக்காமல் பின்வாசல் வழியே ஷாப்பு ஓடக்கூடாது.

4. கிணறு கெட்ட கிராமத்துக்குக் குடிநீர் தரும் செலவு, கெடுத்தவர் பொறுப்பு.

கிணறும் நமது, வேலையும் நமது. ஒன்றைக் காட்டி மற்றதைப் பறிக்க விடமாட்டோம். விவசாயிகள் சங்கமும் தோல் தொழிலாளர் சங்கமும் ஒரே மனுவாக எழுதி, ஒரே ஊர்வலமாகக் கலெக்டர் அலுவலகம் செல்வோம். வாருங்கள், தோழர்களே!